பழுதின் இடம் அறிதல்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்ட செய்தி, பெரிய கம்பெனிகளுக்கு ஒரு செலவுக் கணக்காக முடிந்துபோயிருக்கலாம். கோவையில் கணபதியிலும் குறிச்சியிலும் உள்ள லேத் பட்டறைகளுக்கும், திருப்பூரின் சிறு பனியன் கம்பெனிகளுக்கும், ஈரோட்டு ஜவுளிக் கடைகளுக்கும் அது ஒரு தர்மசங்கடமாகவே வந்து சேர்ந்தது. பழைய கணினி பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறைப் பிராசஸரும் அதில் இல்லை. சிலர் மைக்ரோசாஃப்ட் அளித்த ஓராண்டு நீட்டிப்பைப் பெற்றுக்கொண்டார்கள். சிலர் நடப்பது நடக்கட்டும் என்று இருந்துவிட்டார்கள். இன்னும் சிலரோ, கல்லூரியில் படிக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் சொல்லக் கேட்டு, காசு செலவில்லாத லினக்ஸை அதே கணினியில் ஏற்றிக்கொண்டார்கள்.

அப்படி மாறியவர்கள் முதல் சில நாள்களிலேயே சொல்லும் முறையீடு ஒன்று உண்டு. ஆர்டர் அனுப்பிய வியாபாரி மின்னஞ்சலில் ஒரு லிங்க் வைத்திருக்கிறார். அதை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை, அல்லது சக்கரம் சற்று நேரம் சுழன்று ஓய்ந்துவிடுகிறது, அல்லது யாரும் அழைக்காத வேறொரு மென்பொருள் எழுந்து வந்து நிற்கிறது. உடனே, "லினக்ஸ் நமக்கு ஒத்துவராதுங்க" என்று தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. கணினிக் கடைக்கு எடுத்துச் சென்றால் அங்கே, "ஏனுங்க, ஒருக்கா ஃபார்மட் அடிச்சுப் போட்டா எல்லாஞ் செரியாயிருமுங்க" என்று மருந்து சொல்லப்படுகிறது. தீர்ப்பும் தவறு, மருந்தும் தவறு என்பது என் அபிப்பிராயம். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று காணாமலே வழங்கப்பட்டவை என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான குற்றம். அந்நிய யந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே பிழைப்பும் புகழும் தேடிக்கொண்ட ஒரு பிரதேசத்தில், கணினி ஒன்றை மட்டும் திறக்கக் கூடாத பேழையாகக் கருதும் வழக்கம் வேரூன்றுவது விசனத்துக்குரியது.

ஒரு லிங்க்கை அழுத்தும்போது நிகழ்வது என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். லிங்க்கைத் தாங்கியிருக்கும் மென்பொருள், தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் செயலியாயினும், லிப்ரே ஆபீஸாயினும், பி.டி.எஃப். கோப்பைக் காட்டும் நிரலாயினும், இணையப் பக்கத்தைத் தானே திறந்து காட்டுவதில்லை. அந்த முகவரியைப் பெரும்பாலும் 'எக்ஸ்.டி.ஜி. ஓப்பன்' என்னும் சிறு நிரலிடமோ, அதே தொழிலைச் செய்யும் மற்றொரு நிரல் தொகுதியிடமோ ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. ஏற்றுக்கொண்ட நிரல், முகவரியின் தலைப்பிலுள்ள 'எச்.டி.டி.பி.எஸ்.' என்னும் குறியைப் பார்த்து, இவ்வகை முகவரிகளுக்கு இந்தப் பயனர் நியமித்திருக்கும் உலாவி எது என்று 'மைம்ஆப்ஸ்.லிஸ்ட்' என்னும் பட்டியலில் தேடுகிறது. பட்டியலிலும் உலாவி நேராக இராது, '.டெஸ்க்டாப்' என்று முடியும் ஒரு குறிப்புக் கோப்பின் பெயரே இருக்கும். அந்தக் கோப்பினுள் எழுதப்பட்டிருக்கும் கட்டளை வரி நிறைவேறி, ஃபயர்பாக்ஸோ குரோமியமோ எழுந்து, முகவரியைப் பெற்றுக்கொண்ட பிறகுதான் வெளியுலகப் பிரயாணம் தொடங்குகிறது. டி.என்.எஸ். என்னும் விலாசப் பதிவேடு பெயரை எண்ணாக மாற்றித் தருகிறது. தொலைவிலுள்ள சர்வர் தன் சான்றிதழைக் காட்டுகிறது. உலாவி அதைச் சரிபார்க்கிறது. பக்கம் வந்து சேருகிறது.

இத்தனை கைமாறல்களில் ஏதேனும் ஒன்று தவறினாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றேதான்: லிங்க் திறக்கவில்லை. அறிகுறி ஒன்றாயிருப்பதால் நோயும் ஒன்று என்று கொண்டுவிடுவதில்தான் குழப்பமெல்லாம் பிறக்கிறது. பல்லடத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால், தோட்டக்காரர் கிணற்றைத் தூர்த்துவிட்டு வேறு கிணறு வெட்டப் புறப்படுவதில்லை. மூன்று ஃபேஸும் வருகிறதா என்று பார்க்கிறார், ஸ்டார்ட்டரைப் பார்க்கிறார், ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கிறதா, குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேடி, எதுவரை சரியாயிருக்கிறது, எங்கிருந்து சரியில்லை என்னும் எல்லையைக் கண்டுகொள்கிறார். எந்தக் கல்லூரியிலும் பயிலாத அந்த விவேகமே இங்கும் போதுமானது.

முதற் சோதனை மிகவும் எளிது. அழுத்தித் திறக்காத லிங்க்கை நகலெடுத்து, உலாவியைக் கையால் திறந்து, அதன் முகவரிப் பட்டையில் ஒட்டிப் பார்க்க வேண்டும். பக்கம் திறந்துவிட்டால் இணையமும் குற்றமற்றது, உலாவியும் குற்றமற்றது, தொலைவிலுள்ள தளமும் குற்றமற்றது. பழுது கணினிக்குள்ளே நடக்கும் ஒப்படைப்பில்தான் இருக்கிறது. திறக்கவில்லை என்றால் ஒப்படைப்பைப் பற்றிக் கவலைப்படுவதை ஒத்திவைத்து, உலாவிக்கு அப்பால் தேடத் தொடங்கலாம். அரை நிமிஷத்தில் முடியும் இந்தச் சோதனை, தேடவேண்டிய பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. ஃபார்மட் அடிக்கச் சொல்கிற கடையில் இதைச் செய்து பார்த்தார்களா என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும்.

ஒப்படைப்பில் நேரும் தவறு எத்தகையது என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். உபுண்டு என்னும் பிரபலமான லினக்ஸ் வகையில், 2022-இல் வெளிவந்த 22.04 பதிப்பிலிருந்து ஃபயர்பாக்ஸ் பழைய முறையில் வருவதில்லை. 'ஸ்னாப்' என்னும் தனிப்பொதியாகவே வருகிறது. பழைய முறையில் அதன் குறிப்புக் கோப்பு 'ஃபயர்பாக்ஸ்.டெஸ்க்டாப்' எனப்பட்டது; ஸ்னாப் முறையில் அதே பெயர் இருமுறை அடுக்கி வர, 'ஃபயர்பாக்ஸ்_ஃபயர்பாக்ஸ்.டெஸ்க்டாப்' ஆயிற்று, டெபியன் வகையில் நீடித்த ஆதரவுப் பதிப்பைக் குறிக்கும் 'இ.எஸ்.ஆர்.' என்னும் ஒட்டுடன் வேறொரு பெயர். ஆகவே, ஒரு முறையில் நிறுவியதை நீக்கிவிட்டு மற்றொரு முறையில் நிறுவியவர் கணினியில், பட்டியல் இன்னும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடும். உலாவி இருக்கிறது, இணையம் இருக்கிறது, அழுத்திய விரலும் சரியாகத்தான் அழுத்தியது. விலாசம் மாறிய செய்தி மட்டும் பட்டியலுக்கு எட்டவில்லை. செட்டிங்ஸில் இயல்பான செயலிகள் என்னும் பகுதிக்குச் சென்று உலாவியை மறுபடி ஒருமுறை தெரிந்தெடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிற இந்தச் சிறு பிசகுக்காக, ஒரு பட்டறையின் ஐந்தாண்டுக் கணக்கு வைத்திருக்கும் கணினியை அடியோடு துடைத்து எழுதச் சொல்வது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

செட்டிங்ஸில் மாற்றியும் தீராதபோது டெர்மினலைத் திறப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. 'எக்ஸ்.டி.ஜி. ஓப்பன்' என்று கட்டளையிட்டு, அதன்பின் ஏதேனும் ஓர் இணைய முகவரியை எழுதி அனுப்பினால், திரைக்குப் பின்னால் சொல்லப்படாமல் போன காரணம் எழுத்து வடிவில் முன்னால் வந்து நிற்கிறது: இன்ன கோப்பைக் காணோம், இன்ன நிரலுக்கு அனுமதியில்லை, உலாவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தும் பதில் சொல்லவில்லை என்பன போல. 'எக்ஸ்.டி.ஜி. செட்டிங்ஸ்' என்னும் மற்றொரு கட்டளை, தற்போது நியமிக்கப்பட்டிருக்கும் உலாவி எது என்பதைச் சொல்லவும் செய்யும், மாற்றவும் செய்யும். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவும், 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த க்னூ திட்டமும் சேர்ந்து உருவான இந்த இயங்குதளத்தின் உண்மையான பெருமை இலவசமாகக் கிடைக்கிறது என்பதில் அடங்கிவிடுவதில்லை. கேட்டால் காரணம் சொல்கிறது என்பதில் இருக்கிறது. அந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விலையின்மையை மட்டும் பெற்றுக்கொள்கிறவர், கிடைத்த நன்மையில் பாதியைக் கைவிட்டவரே ஆவார்.

சில சமயங்களில் பழுதென்று தோன்றுவது, பாதுகாப்புக்காக வேண்டுமென்றே போடப்பட்ட வேலியாக இருக்கும். ஸ்னாப் முறையில் வரும் உலாவி, கணினியின் எல்லா மூலைகளையும் பார்க்க அனுமதிக்கப்படுவதில்லை. தற்காலிகக் கோப்புகள் தங்கும் 'டெம்ப்' கோப்புறையும், பயனரின் இல்லக் கோப்புறையில் புள்ளியிட்டு மறைக்கப்பட்ட கோப்புறைகளும் அதன் பார்வைக்கு அப்பாற்பட்டவை. மின்னஞ்சலோடு இணைந்து வந்த ஒரு எச்.டி.எம்.எல். பில்லை அழுத்தினால், அஞ்சல் செயலி அதை டெம்ப்பில் வைத்துவிட்டு முகவரியைச் சொல்லும். உலாவியோ அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சாதிக்கும். இருவர் சொல்வதும் அவரவர் நிலையில் மெய்யே. பில்லை 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் சேமித்து அங்கிருந்து திறந்தால் விவகாரம் முடிந்துவிடும். 'ஃபிளாட்பேக்' முறையில் வந்த செயலிகளுக்கோ வெளியே செல்வதற்குப் 'போர்ட்டல்' என்னும் வாயில் காப்பான் ஒருவன் உண்டு; அவன் உறங்கிவிட்டால் அச்செயலியிலுள்ள லிங்க்குகள் எல்லாம் ஒருசேர ஊமையாகிவிடும்.

முகவரியைக் கையால் ஒட்டியும் பக்கம் திறக்காத சந்தர்ப்பங்களில் தேட வேண்டிய திசை வேறு. செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்துத் திறந்தால், குற்றம் வீட்டு அல்லது அலுவலக இணைய வழியிலோ அதன் டி.என்.எஸ். அமைப்பிலோ இருக்கிறது. வேறோர் உலாவியில் திறந்தால், முதல் உலாவியின் கூட்டுநிரல்களையோ அதன் சுயவிவரக் கோப்புறையையோ ஐயுற வேண்டும். ஃபயர்பாக்ஸிலேயே கூட்டுநிரல்களை எல்லாம் ஒதுக்கிவைத்துத் திறக்கும் பழுதாய்வு முறை ஒன்று உதவிப் பட்டியலில் இருக்கிறது.

இவற்றுள் யாரும் எளிதில் ஐயுறாத குற்றவாளி கடிகாரம். பழைய கணினியின் மதர்போர்டில், கடிகாரம் ஓடுவதற்கென்று சி.ஆர். 2032 எனப்படும் மூன்று வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்று உண்டு. அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை கணினியை எழுப்பும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கி ஓடிவிடும். இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் சேவை இயங்கினால் நல்லது. இயங்காவிட்டால், தளம் காட்டும் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கருதி உலாவி கதவைச் சாத்திவிடும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு வழங்கும் வழக்கமான சான்றிதழ்களின் ஆயுள் 90 நாள்களே என்பதை எண்ணிப் பார்த்தால், தேதிப் பிசகு எத்தனை தளங்களை ஒரே சமயத்தில் மூடிவிடும் என்பது விளங்கும். பெட்டிக்கடையிலும் கிடைக்கிற ஒரு சிறு பேட்டரியை மாற்றினால் தீரும் இந்தத் துன்பம், இயங்குதளத்தின் பெயரிலேயே எழுதிவைக்கப்படுகிறது.

நம் மாநிலத்தில் நேரக்கூடிய மற்றொரு கடிகாரக் கோளாறும் உண்டு. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்டவற்றில், விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்ட இயங்குதளம் அது. வன்பொருள் கடிகாரம் காட்டுவதை விண்டோஸ் உள்ளூர் நேரமென்று கொள்கிறது. லினக்ஸ் பொதுவாக அதை உலகப் பொது நேரமென்று கொள்கிறது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது இந்தியாவில் நேரம் ஐந்தரை மணி முன்பின்னாகப் போய்விடுவதுண்டு. முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் சரிபார்ப்பு எண்ணை அந்தக் கணினியிலேயே உண்டாக்கிக்கொள்பவருக்கு, லிங்க் திறந்தும் உள்ளே நுழைய முடியாமற்போவதற்கு இது ஒன்றே போதும். கைக்கு வந்த மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்களைத் தந்த அரசு, அவற்றுக்கிடையே உள்ள இந்த ஐந்தரை மணி வேற்றுமையைப் பற்றி ஒரு பக்கம் அச்சிட்டுத் தந்திருந்தால், பாஸைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிய மாணவர்களுள் சிலரேனும் அதில் நிலைத்திருப்பார்கள்.

தமிழ் எழுத்துகளால் நேரும் லிங்க் தொல்லை மற்றொன்று. 'கோயம்புத்தூர்' என்னும் ஏழெழுத்துச் சொல், இணைய முகவரியில் இடம்பெறும்போது, யூனிகோட் கணக்கில் 13 குறிகளாகிறது. ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகிறது. ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு கூடிய மூன்று எழுத்துகளாக மாற்றி எழுதப்படுகிறது. முடிவில் அந்த ஒரு சொல் 117 எழுத்து நீளத்துக்கு வந்துவிடுகிறது. மின்னஞ்சலில் ஒரு வரி 78 எழுத்துக்கு மேற்படாதிருப்பது உத்தமம் என்று தர விதி கூறுவதால், சில செயலிகள் இந்த நெடிய முகவரியை நடுவில் உடைத்துவிடுகின்றன. முன்பாதி மட்டும் லிங்க்காகத் தெரிய, பின்பாதி வெறும் எழுத்தாகக் கீழே கிடக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையின் லிங்க்கை அழுத்தினால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வருவதற்கு இது ஒரு காரணம். இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒட்டினால் பக்கம் திறக்கும். இந்தக் குற்றம் எந்த இயங்குதளத்திலும் நேரக்கூடியது. லினக்ஸில் நேரும்போது மட்டும் லினக்ஸின் தலையில் விழுகிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் நம் பக்கத்துப் பழுதுகள். எதிர்ப் பக்கத்துப் பழுதுகளும் உள்ளன. அவற்றின் சரித்திரம் அவ்வளவு பெருமைக்குரியதன்று. யூனிகோட் பரவுவதற்கு முன்பு தமிழ்த் தளங்கள் பல, தமக்கென்று ஒரு எழுத்துருவும் குறியீட்டு முறையும் வைத்துக்கொண்டு, இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே தமிழாகத் தெரியும்படி அமைக்கப்பட்டிருந்தன. லினக்ஸில் திறந்தவருக்கு உருவமற்ற குறிகளே வரிவரியாகக் காட்சி தந்தன. 2010 ஜூன் 23 முதல் 27 வரை இதே கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனுடன் தமிழ் இணைய மாநாடும் கூடியபோது, யூனிகோடைத் தரமாக ஏற்கும் அரசாணை பிறந்தது. அதோடு அந்த அலங்கோலம் படிப்படியாக ஒழிந்தது. ஒரு தரம் பொதுவானதும், எந்த இயங்குதளம் என்னும் கேள்வியே அந்த விஷயத்தில் அர்த்தமற்றுப் போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

எழுத்துருவில் கற்ற பாடத்தை மற்ற இடங்களில் நாம் கற்றோமா என்பது சந்தேகமே. டெண்டர் தளங்கள் ஜாவா ஆப்லெட்டை நம்பி நின்ற காலம் ஒன்று இருந்தது. 2015-இல் குரோமும் 2017-இல் ஃபயர்பாக்ஸும் அதைத் தாங்கும் பழைய இணைப்பு முறையைக் கைவிட்ட பின்னரும், பழைய உலாவியை வைத்துக்கொள்ளும்படி யோசனை சொன்ன தளங்கள் இருந்தன. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கே 2022 ஜூன் 15-இல் விடை கொடுத்தாகிவிட்டது. மத்திய அரசு மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையை 2010-இலும், திறந்த மூல மென்பொருளை ஏற்கும் கொள்கையை 2015-இலும் வெளியிட்டிருக்கிறது. கொள்கையில் குறையொன்றுமில்லை, தளத்தை ஒப்படைக்கும் ஒப்பந்தக்காரர் அதை லினக்ஸில் ஒருமுறை திறந்துகாட்டிய பிறகே பில் பாஸாகும் என்னும் சிறு நிபந்தனைதான் குறைகிறது.

அழிந்துபோன லிங்க்குகள் தனி அத்தியாயம். வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரி மாறலாகாது என்று 1998-லேயே வற்புறுத்தி எழுதினார். பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையோ, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பின் எட்டாமற் போய்விட்டதாகக் கண்டது. அலுவலகத் தளம் ஒன்று புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பழைய அரசாணைகளின் முகவரிகள் இறந்துபோக, அவற்றை நம்பி மனு எழுதியவர் தம் கணினியைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடுவது சர்வரில் சில வரிகளில் முடியும் காரியம்.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். "ஷிப்ட் முடியுமுன் சரக்கை ஏற்றி அனுப்ப வேண்டியவனுக்குப் பட்டியல் எது, போர்ட்டல் எது என்று ஆராய நேரமேது? வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான்" என்று பட்டறைக்காரர் கேட்பார். அவர் கேட்பது முற்றிலும் சரி. ஒவ்வொருவரும் கணினி வைத்தியராக வேண்டும் என்று சொல்வது அறிவீனம். ஆனால் கைபார்க்கும் மெக்கானிக்குக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. ஃபார்மட் அடிப்பதால் நேரம் மிச்சமாகிறது என்பதும் தோற்றமே; கோப்புகளை எடுத்து வைத்து, இயங்குதளத்தை ஏற்றி, பிரிண்டரையும் கணக்கு மென்பொருளையும் மறுபடி பொருத்துவதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது, காரணம் அறியப்படாமற் போனதால் அதே பழுது அடுத்த மாதம் திரும்பி வரவும் செய்கிறது.

லினக்ஸ் அன்பர்கள்மீதும் குற்றமில்லாமல் இல்லை. விதவிதமான வகைகளும், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மேசைச் சூழல்களும், ஒவ்வொரு சூழலிலும் உலாவியை நியமிப்பதற்கு ஒவ்வோர் இடமுமாக அவர்கள் பெருக்கிவைத்த சுதந்திரம், புதிதாய் வருபவருக்குக் காடாகவே தெரிகிறது. 2000-இல் ஹவோக் பென்னிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் முயற்சி இவற்றுக்குப் பொதுவிதிகளை வகுத்திராவிட்டால், மேலே சொன்ன பட்டியலும் குறிப்புக் கோப்பும்கூட ஒரே வடிவில் இருந்திரா. சந்தேகம் கேட்டு வருபவரைக் கையேட்டைப் படி என்று துரத்துகிற மனப்பான்மையும் அவர்களில் சிலரிடம் உண்டு. படிக்கத் தெரிந்தவனுக்குக் கையேடு போதும்; எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று தெரியாதவனுக்கு வேண்டியது ஒரு மனிதனின் பத்து நிமிஷம்.

ஆயினும் பரிகாரம் கைக்கெட்டாத தொலைவில் இல்லை. வாளையாற்றைத் தாண்டினால் கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணினிப் பாடம் பயில்கிறார்கள், ஐ.டி.அட் ஸ்கூல் என்னும் பெயரில் தொடங்கி, 2017-இல் 'கைட்' நிறுவனமாக உருமாறிய அந்த இயக்கம், இயங்குதளத்தைப் பள்ளிக்கு ஏற்றவாறு தானே தொகுத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்துவருகிறது. நம் மாநிலத்திலும் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர், மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அந்நிறுவனம் லினக்ஸுக்கு மாறி மற்ற துறைகளுக்கும் வழிகாட்ட முற்பட்டதுண்டு. ஓர் அதிகாரியின் ஊக்கத்தால் தொடங்கியது, அவர் மாறியதும் தளர்ந்தது. கேரளத்திலோ அது ஆசிரியர்களின் பழக்கமாகிவிட்டதால் ஆட்சிகள் மாறியும் நிலைத்தது. பழக்கமாக்குவதற்குரிய இடம் கல்விக்கூடமே.

கோவைக்கு இது புதிய சித்தாந்தமும் அன்று. 1920-இல் ஒற்றைப் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடு, யந்திரங்களின் அந்தரங்கத்தைக் கையால் கற்றவர். இந்த நகரில் 1945-இல் பொறியியல் கல்லூரி பிறப்பதற்குத் துணைநின்றும், நான்காண்டுப் படிப்பு காலவிரயம், செய்முறைப் பயிற்சியுடன் இரண்டாண்டு போதும் என்று வாதாடி, அது ஏற்கப்படாதபோது பதவியைத் துறந்தவர் அவர். அவருடைய காலக்கணக்கை நாம் ஏற்க வேண்டியதில்லை; பழுதான யந்திரத்தின் முன் நிறுத்திவைத்துக் கற்பிப்பதே கல்வி என்னும் அவருடைய துணிபை ஏற்கலாம்.

அத்துணிபின்படி என் யோசனை இது. நம் பாலிடெக்னிக்குகளிலும், கணினி இயக்குநர் தொழிற்பிரிவு நடத்தும் ஐ.டி.ஐ.களிலும், செய்முறைத் தேர்வுக்கு வருகிற மாணவன் முன் நல்ல கணினியை வைக்காமல், ஆசிரியர் வேண்டுமென்றே பழுதாக்கிய லினக்ஸ் கணினி ஒன்றை வைக்க வேண்டும். ஒன்றில் உலாவிப் பட்டியலைக் கலைத்திருக்கலாம், மற்றொன்றில் தேதியைத் திருத்தியிருக்கலாம், இன்னொன்றில் டி.என்.எஸ். எண்ணை மாற்றியிருக்கலாம், வேறொன்றில் கணினியை ஒன்றும் செய்யாமல் இறந்துபோன லிங்க் ஒன்றை மட்டும் கொடுத்திருக்கலாம். லிங்க்கைத் திறந்துவிட்டதற்கு அரை மதிப்பெண். பழுது எங்கே இருந்தது, அங்கேதான் இருந்தது என்பதற்கு அத்தாட்சி என்ன, மற்ற இடங்களில் இல்லை என்பதை எப்படி அறிந்தாய் என்று எழுதியதற்கு மீதி அரை. கணினியில் பழுதே இல்லை என்று கண்டு அதைத் துணிந்து எழுதுகிறவனுக்கு முழு மதிப்பெண்ணும் தரலாம். இதற்குப் புதிய கட்டடமோ புதிய யந்திரமோ வேண்டாம். விண்டோஸ் 11 ஏறாதென்று மூலையில் ஒதுக்கிய கணினிகளே தாராளமாகப் போதும்.

கடைக்கு வரும் வாடிக்கையாளரும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். மோட்டார் காயில் கட்டி வாங்கும்போது எந்த ஃபேஸ் எரிந்தது, ஏன் எரிந்தது என்று விசாரிக்காமல் பணம் கொடுக்கும் வழக்கம் நம்மவர்களுக்கு இல்லை. அதே கேள்வியைக் கணினிக் கடையிலும் கேட்டு, பில்லில் தொகைக்கு மேலே காரணத்தையும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வோமாயின், காரணம் தெரிந்த மெக்கானிக்குக்குக் கூட்டம் சேரும். தெரியாதவர் தெரிந்துகொள்ள வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு ஆளாவார். லினக்ஸ் ஒத்துவருமா வராதா என்பதை அதற்குப் பிறகு தீர்மானிப்பதே முறை.